83 அடி எங்கே போனது? டெனாலி வரைபடம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 செப்டம்பரில் அலாஸ்கா மாநிலத்தின் துணை ஆளுநர் மீட் ட்ரெட்வெல் ஒரு புது எண்ணை வெளியிட்டார். வட அமெரிக்காவின் மிக உயரமான மலை டெனாலி. அறுபது வருடமாக 20,320 அடி என்று பாடப்புத்தகங்களில் அச்சாகி வந்தது, விமான ரேடார் அளவீட்டின்படி 20,237 அடிதானாம். 83 அடி காணோம். இரண்டு வருடம் கழித்து, 2015 ஜூனில், நான்கு பேர் ஜி.பி.எஸ். கருவிகளைச் சுமந்துகொண்டு உச்சிக்கே ஏறி அளந்தார்கள். விடை 20,310 அடி. அதாவது 1950களில் தியோடலைட்டும் (தூரத்திலிருந்து கோணம் அளக்கும் கருவி) பென்சிலும் வைத்துப் போட்ட கணக்கு வெறும் 10 அடி தள்ளி இருந்தது, 21ஆம் நூற்றாண்டு ரேடார் 73 அடி தள்ளி இருந்தது.

இதைப் படித்துவிட்டு "பழைய ஆட்கள் பழைய ஆட்கள்தான்" என்று பெருமூச்சு விடுவது சுலபம். ஆனால் ரேடார் கெட்டிக்காரத்தனம் குறைந்த கருவி ஒன்றும் இல்லை, அது செய்ய வந்த வேலையே வேறு. எந்த மனிதரும் நிற்காத ஒரு பனிக்காட்டை எப்படி வரைபடமாக்குகிறார்கள், அதில் எந்த இடத்தில் பிழை நுழைகிறது என்பதற்கு டெனாலியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் பற்றி ஒரு வரி: அமெரிக்க அரசின் ஏடுகளில் இது 2015 வரை மெக்கின்லி, பிறகு டெனாலி, 2025 ஜனவரியிலிருந்து மறுபடி மெக்கின்லி. மலையடிவாரத்து மக்கள் எந்த அரசாணைக்கும் காத்திராமல் சொல்லி வந்த பெயர் டெனாலி என்பதால் அதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். வட அட்சரேகை 63 டிகிரி. வடக்குப் பக்கச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 அடி, அங்கிருந்து மலை ஒரே மூச்சில் 18,000 அடி எழும்புகிறது. எவரெஸ்ட் உயரம் அதிகம் என்றாலும் அது ஏற்கெனவே உயர்ந்த பீடபூமியின் தோளில் நிற்கிறது, இப்படி அடி முதல் நுனி வரை கண்ணில் படாது. சுற்றிலும் பனியாறுகள்: தெற்கே காஹில்ட்னா, 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், தென்கிழக்கே ரூத், வடகிழக்கே மல்ட்ரோ. ரூத் பனியாறு ஓரிடத்தில் செங்குத்தான கிரானைட் சுவர்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போகிறது. அங்கே பனியின் ஆழம் மட்டும் 3,770 அடி என்று அளந்திருக்கிறார்கள். மலை தன் மேகத்தைத் தானே தயாரித்துப் போர்த்திக்கொள்ளும் வகை. அதைப் பார்க்கவென்றே போனவர்கள் பலர் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள்.

1897இல் தங்கம் தேடப் போன வில்லியம் டிக்கி என்பவர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் "20,000 அடிக்கு மேல்" என்று எழுதினார். கண்மதிப்புதான், ஆனாலும் அசத்தலான மதிப்பு. அடுத்த வருடம் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ராபர்ட் மல்ட்ரோ தூரத்திலிருந்து கோணங்கள் எடுத்து 20,464 அடி என்றார். குதிரையும் படகுமாகக் காட்டுக்குள் போன ஒரு பயணத்தில் இந்த எண் கிடைத்தது என்பதை வைத்துப் பார்த்தால் இதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு சிகரத்தின் உயரம் வேறு, ஒரு மலைத்தொகுதியின் வரைபடம் வேறு. உயரத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும். வரைபடத்துக்கு ஒவ்வொரு சரிவும், ஒவ்வொரு பனிமேடும், ஒவ்வொரு பள்ளமும் ஒன்றுக்கொன்று சரியான இடத்தில் உட்கார வேண்டும். அந்த வேலை 1930கள் வரை தொடங்கவே இல்லை.

தொடங்கியவர் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன். ஹார்வர்டில் படித்தவர், 1939இல் பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் இயக்குநராகி 1980 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். மலையேறி, புகைப்படக்காரர், வரைபடக்காரர் மூன்றும் ஒரே ஆளாக இருந்தது இந்த வேலைக்கு வாய்த்த அதிர்ஷ்டம். டெனாலிக்கு வருமுன்பே, 1935இல், யூகோன்–அலாஸ்கா எல்லையில் செயின்ட் எலியாஸ் மலைகளுக்கு நடுவே வரைபடத்தில் வெறும் வெள்ளையாகக் கிடந்த ஏறக்குறைய 5,000 சதுர மைல் பரப்பை, விமானத்தில் படம் எடுத்தும் நாய் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் குறுக்கே கடந்தும் வரைந்து முடித்திருந்தார். மேலிருந்து படம், கீழே நடை என்ற இரட்டை வேலை முறை அங்கேயே படிந்துவிட்டது.

1936 ஜூலையில் நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கத்துக்காக டெனாலியைச் சுற்றி முதல் படப் பயணம். விமானத்தின் கதவைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, 50 பவுண்டுக்கும் மேல் எடையுள்ள ஃபேர்சைல்ட் கேமராவைத் திறந்த வாசலில் பிடித்துக்கொண்டு எடுப்பது அவர் பாணி. மைனஸ் டிகிரிக் காற்று முகத்தில் அறையும். அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும், ஒவ்வொரு பனிப்பிளவும் கத்தி வைத்துக் கீறியதுபோல் நிற்கும். ஆனால் அவற்றை வைத்து நேரடியாக வரைபடம் போட முடியாது. சாய்வாக எடுத்த படத்தில் முன்னால் இருக்கும் மேடு பெரிதாகவும் பின்னால் இருக்கும் மலை சிறிதாகவும் விழும், முகட்டுக்குப் பின்னால் இருப்பது விழவே விழாது.

சரி, நேர்குத்தாகக் கீழ்நோக்கி, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி வரிசையாகப் படம் எடுத்தால்? அதுதான் முறை. அடுத்தடுத்த இரண்டு படங்களை ஸ்டீரியோ கருவியில் வைத்தால் கண்ணுக்கு நிலம் மேடுபள்ளத்தோடு எழுந்து நிற்கும். கருவிக்குள் ஒரு சின்னப் புள்ளி மிதக்கும். இயக்குபவர் அந்தப் புள்ளியை நிலத்தின் மேல் 'தொட' வைத்து, அதே உயரத்தில் நகர்த்திக்கொண்டே போனால் சம உயரக்கோடு கிடைக்கும். பாறை, காடு, வயல் எல்லாவற்றுக்கும் இது அருமையாக வேலை செய்யும்.

பனியில்தான் சிக்கல். புதுப்பனி மூடிய மேட்டில் ஒரு மரம் இல்லை, ஒரு கல் இல்லை, ஒரு நிழல் இல்லை. இரண்டு படத்திலும் வெறும் வெள்ளை. கண் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாததால் புள்ளி நிலத்தைத் தொட்டதா, மேலே மிதக்கிறதா, உள்ளே புதைந்ததா என்று இயக்குபவருக்கே தெரியாது. பனியாற்றின் மேல்பகுதிகளில், அதாவது பனி சேரும் பெரிய வெள்ளைக் கிண்ணங்களில், பழைய வரைபடங்களின் கோடுகள் சந்தேகத்துக்கு இடமாவது இதனால்தான். கோடு என்னவோ அழகாகத்தான் வளைந்திருக்கும், ஆனால் அதில் பாதி ஊகம். இதற்கு மாற்று என்றால் கோடைக் கடைசியில், பழைய பனி அழுக்கேறி வரி தெரியும்போது, சூரியன் சாய்ந்து நிழல் நீண்டிருக்கும்போது படம் எடுப்பது. மேகமே விலகாத மலையில் அப்படி ஒரு நாள் அமைவதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல் இன்னும் அடிப்படையானது. ஸ்டீரியோ படம் வடிவத்தைத்தான் தரும். அந்த வடிவம் எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்ற எதையும் படம் சொல்லாது. படத்தில் அடையாளம் தெரிகிற சில புள்ளிகளின் இடமும் உயரமும் தரையில் அளந்து கையில் இருந்தால் மட்டுமே அந்த வடிவத்தை ஆணியடித்து நிறுத்த முடியும். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்பது இவற்றுக்கான தொழில் பெயர். நகரத்தில் என்றால் நாற்சந்தியில் போய் நின்று ஒரு மணிநேரத்தில் முடித்துவிடலாம். இங்கே ஒவ்வொரு புள்ளியும் ஒரு மலையேற்றம்.

வாஷ்பர்ன் இந்த மலையில் மூன்று முறை உச்சி தொட்டிருக்கிறார்: 1942, 1947, 1951. முதல் முறை ராணுவத்தின் குளிர்காலச் சாமான்களைச் சோதிக்கும் குழுவோடு. இரண்டாம் முறை ஒரு ஹாலிவுட் நிறுவனம் பணம் போட்டது, மலைப்படம் ஒன்றின் விளம்பரத்துக்காக. அந்தப் பயணத்தில்தான் 1947 ஜூன் 6 அன்று அவர் மனைவி பார்பரா உச்சியில் நின்ற முதல் பெண் ஆனார். அளவை வேலைக்கு யாரும் தனியாகக் காசு கொடுக்க மாட்டார்கள் என்பதால், யார் எந்தக் காரணத்துக்குக் காசு கொடுத்தாலும் அதோடு கோணம் எடுக்கும் வேலையையும் ஒட்டிக்கொண்டு போவது அவர் வழக்கமாக இருந்தது. கள ஆய்வு செய்கிறவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் இன்றைக்கும் தேவைப்படுகிறது.

1951 பயணம் தனியாகச் சொல்ல வேண்டியது. படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், மலையின் மேற்குப் பக்க முட்டு (மலையிலிருந்து வெளியே புடைத்து நிற்கும் முகடு) வழியாக ஒரு எளிய பாதை இருக்கிறது என்று அவர் ஏற்கெனவே எழுதியிருந்தார். யாரும் ஏறிப் பார்க்காத பாதை. அந்தக் குழுவைக் காஹில்ட்னா பனியாற்றில் சறுக்குச் சட்டம் மாட்டிய சின்ன விமானத்தில் இறக்கியவர் டெரிஸ் மோர், அப்போது அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் தலைவர்! பல்கலைக்கழகத் தலைவர் பனியாற்றில் விமானம் இறக்குகிறார், நம் ஊர்த் துணைவேந்தர்களை நினைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஜூலை 10 அன்று உச்சி தொட்டார்கள். இன்றைக்கு டெனாலி ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் அதே பாதையில்தான் போகிறார்கள், 7,200 அடியில் அதே காஹில்ட்னாவில் விமானம் இறங்கி. படத்தில் கண்டுபிடித்த பாதை அது.

அப்புறம் டான் ஷெல்டன். டால்கீட்னா ஊரைச் சேர்ந்த இந்த விமானி 1950களில் வாஷ்பர்னையும் அவர் கருவிகளையும் பனியாறுகளில் இறக்கி ஏற்றியவர். வெள்ளைப் பனியில் விமானம் இறக்குவதும் மேலே சொன்ன அதே சிக்கல்தான்: தரை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ரூத் பனியாற்றின் தலையில் இருக்கும் பனி அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

கோணம் எடுப்பதில் என்ன கஷ்டம் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். 60 கிலோமீட்டர் தள்ளி நின்று சிகரத்தைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பூமி உருண்டை என்பதால் சிகரம் கிட்டத்தட்ட 280 மீட்டர் தாழ்ந்து தெரியும். காற்று ஒளியை வளைப்பதால் அதில் 35 முதல் 40 மீட்டர் வரை மறுபடி உயர்ந்து தெரியும். முதல் திருத்தம் வெறும் வடிவியல், கச்சிதமாகப் போட்டுவிடலாம். இரண்டாவது அன்றைய வெயில், காற்றின் அழுத்தம், தரைக்கு மேல் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதையெல்லாம் பொறுத்தது. அதில் 10 சதவீதம் தவறினால் 4 மீட்டர் போச்சு, அதாவது 13 அடி. தியோடலைட்டில் ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு தவறினால்கூட இதே தூரத்தில் ஒரு அடியைத் தாண்டாது. ஆகக் கருவி பிரச்சினையே இல்லை, காற்றுதான் பிரச்சினை. அதனால்தான் பல இடங்களிலிருந்து, பல திசைகளிலிருந்து, ஒளி வளைவு நிலையாக இருக்கும் பிற்பகல் நேரங்களில் கோணம் எடுத்துச் சராசரி போட வேண்டியிருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் 20,320 என்ற எண் இப்படித்தான் நிலைபெற்றது. காற்றின் குணம் 13 அடி ஏமாற்றக்கூடிய ஆட்டத்தில் 10 அடிக்குள் நின்றார்கள் என்பதை இப்போது திரும்பிப் பார்த்தால் மதிப்பு புரியும்.

வரைபடம் 1960இல் வெளிவந்தது. அளவு 1:50,000. பாஸ்டன் அருங்காட்சியகமும், சுவிஸ் ஆல்ப்ஸ் ஆய்வு அறக்கட்டளையும், அமெரிக்கக் கலை அறிவியல் கழகமும் சேர்ந்து போட்டது. வரைந்து அச்சிட்ட வேலை சுவிட்சர்லாந்தில். ஏன் அவ்வளவு தூரம்? பாறையை வரையத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். செங்குத்துப் பாறையில் சம உயரக்கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி வெறும் கறுப்புத் திட்டாகிவிடும். சுவிஸ் வரைவாளர்கள் அந்த இடத்தில் பாறையின் வெட்டு, சரிவு, விளிம்பு எல்லாவற்றையும் கையால் நுணுக்கமாகத் தீட்டுவார்கள். பனியில் நீலக் கோடு, மண்ணில் பழுப்புக் கோடு என்று பிரிப்பதும் அவர்கள் மரபு. அதனால் வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் எது கல், எது பனி என்று தெரியும். இன்றைக்குக் கணினியில் தானாக உருவாகும் பல மலை வரைபடங்களில் இது கிடையாது, எல்லாம் ஒரே நிறக் கோடு. அந்தக் குறையை நாம் பழகிப்போய் மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

இந்த வேலையின் நடுவே ஒரு பழைய வழக்கும் தீர்ந்தது. ஃபிரெடெரிக் குக் என்ற மருத்துவர் 1906இல் உச்சி தொட்டதாகச் சொல்லி ஒரு புகைப்படமும் காட்டியிருந்தார். 1910லேயே பெல்மோர் பிரவுன், ஹெர்ஷல் பார்க்கர் இருவரும் அந்தப் படம் எடுத்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனாலும் குக்கின் ஆதரவாளர்கள் விடவில்லை. வாஷ்பர்ன் அதே இடங்களுக்குப் போய் அதே கோணத்தில் படம் எடுத்து, பின்னணி முகடுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினார். குக் நின்ற 'உச்சி' ரூத் பனியாற்றின் பக்கத்தில் 5,000 சொச்சம் அடி உயரத்தில் இருக்கும் ஒரு பாறை மேடு. நிஜ உச்சி அங்கிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி. நல்ல வரைபடம் கையில் இருந்தால் பொய் சொல்வது கஷ்டம்.

இனி 2013க்கு வருவோம். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்கு 1:24,000 அளவில் வரைபடம் இருந்தபோது அலாஸ்காவுக்கு 1950களில் தொடங்கிய 1:63,360 வரைபடங்கள்தான், அதிலும் பல இடங்களில் ஓடையும் முகடும் இடம் மாறிக் கிடந்தன. விமானங்களின் நிலவடிவத் தரவே தப்பாக இருந்தால் மேகத்துக்குள் பறக்கும் விமானியின் கதி என்ன? செவ்வாய்க் கோளுக்கு இதைவிட நல்ல வரைபடம் இருக்கிறது என்று அங்கே கிண்டலாகவே சொல்வார்கள். அதனால் 2010 முதல் மாநிலம் முழுவதையும் விமான ரேடாரால் அளக்கத் தொடங்கினார்கள். ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை, வெள்ளைப் பனியில் வரி தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பழைய முறையின் இரண்டு பெரிய தலைவலிகள் ஒரே அடியில் தீர்ந்தன.

ஆனால் ரேடார் தருவது 5 மீட்டர் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே உயரம், அந்தப் பரப்பின் சராசரி. வகுப்பில் முதல் மாணவன் எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் வகுப்புச் சராசரியைச் சொல்வதுபோல, கூரான உச்சி பக்கத்துச் சரிவுகளோடு சேர்ந்து தாழ்ந்துவிடும். செங்குத்துச் சரிவுகளில் ரேடார் எதிரொலி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும், உலர்ந்த பனிக்குள் கொஞ்சம் புகுந்துவிட்டுத்தான் திரும்பும். ஒரு பள்ளத்தாக்கின் வடிவத்துக்கு இவை பெரிய குறையே இல்லை. ஒரே ஒரு புள்ளியின் உயரத்தை அதிலிருந்து உருவி அறிவித்ததுதான் தவறு. உயரத் தரவுக் கோப்பைத் திறந்து, மிகப் பெரிய எண்ணைத் தேடி, "இதுதான் சிகரம்" என்று எழுதிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. கட்டத்தின் உயரமும் சிகரத்தின் உயரமும் ஒன்றல்ல.

ஆகவே 2015இல் மறுபடி யாராவது ஏற வேண்டியதாயிற்று. எண்பது வருடம் முன்பு வாஷ்பர்ன் கண்ட அதே நிலைமை: வானத்திலிருந்து வடிவம் கிடைத்துவிட்டது, ஆணியடிக்க ஆள் மேலே போக வேண்டும். ஜி.பி.எஸ். என்றதும் கருவி நேராகக் கடல்மட்ட உயரத்தைச் சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது சொல்வது கணித முட்டை வடிவம் ஒன்றின் மேலான உயரம். மலைக்கு அடியில் 'கடல் மட்டம்' எங்கே இருக்கும் என்பதை ஈர்ப்பு விசை அளவீடுகளிலிருந்து கணக்கிட்டுக் கழித்தால்தான் 20,310 அடி, அதாவது 6,190 மீட்டர், வரும். அதுவும் அந்த ஜூனில் உச்சியில் கிடந்த பனியின் மேற்பரப்புக்குத்தான்.

1960 வரைபடமும் ரேடார் தரவும் ஒருசேரப் பொய்யாகிப்போன இடம் ஒன்று உண்டு: மல்ட்ரோ பனியாறு. இது பல பத்தாண்டுகள் சோம்பிக் கிடந்துவிட்டுத் திடீரென்று பாயும் வகை. 1956–57இல், வாஷ்பர்ன் குழு வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஒரு தடவை பாய்ந்தது. அப்புறம் அறுபத்து சொச்சம் வருடம் அமைதி. 2021 மார்ச்சில் மேலே பறந்த ஒரு விமானி பனி நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்துத் தகவல் கொடுத்தார். வழக்கமாக நாளுக்குச் சில அங்குலம் நகரும் பனி அப்போது சில இடங்களில் நாளுக்கு 30 முதல் 60 அடி நகர்ந்துகொண்டிருந்தது. மேல்பகுதி சரிந்து தாழ்ந்தது, கீழ்ப்பகுதி வீங்கி உயர்ந்தது, 1913இல் முதன்முதலாக உச்சி தொட்டவர்கள் நடந்துபோன வழி முழுக்கப் பிளவுகளாக உடைந்தது. வடக்கிலிருந்து ஏறத் திட்டமிடுகிறவர்கள் மல்ட்ரோவுக்கு மட்டும் 2021க்குப் பிந்தைய படங்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. பாறை முகடுகளுக்கு 1960 தாள் இன்றும் போதும்.